ஆறு வயதுப் பிள்ளைக்குக் கரும்புத் தொட்டில்

1

ஆக்லாந்தில் தமிழர்கள் கூடும் தீபாவளி விருந்து என்றால், பள்ளிக்கூட அரங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, ஆளுக்கொரு பாத்திரம் சமைத்து எடுத்துப் போவது. போன வாரம் அப்படிப் போயிருந்தேன். என் பங்கு புளியோதரை. சமையலறையில் அதைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தபோது, சென்னையிலிருந்து புதிதாக வந்திருக்கும் ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். இடுப்பில் இரண்டரை வயதுக் குழந்தை. வெளியே அரங்கில் என் மகன் கவின் வழக்கம்போலச் சுவரில் ஒரு கையை வைத்துத் தேய்த்தபடி நடந்துகொண்டிருந்தான். பன்னிரண்டு வயது. என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான். அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பையனுக்கு எப்போ தெரிஞ்சுது?"

"என்ன தெரிஞ்சுது?" என்றேன். அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாதா என்ன? அந்தச் சொல்லை அவள் வாயாலேயே சொல்லட்டும் என்று ஒரு வீம்பு.

"அதான்க்கா..." என்று கையை மட்டும் ஆட்டினாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. அழுதுவிட்டாள். என் வீம்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டேன். அது என் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்துச் சங்கிலியின் கொக்கியை மட்டும் வைத்த கண் வாங்காமல் பார்த்தது. எனக்குப் பழகிய பார்வைதான். அவளை உட்கார வைத்து ரொம்ப நேரம் பேசினேன். ஊரிலும் இப்படிக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்பவர்கள் இருப்பார்கள் என்று தோன்றியதால், அவளிடம் சொன்னதில் ஒரு பகுதியை இங்கே எழுதுகிறேன்.

2

எனக்குக் கல்யாணம் ஆனது 1989இல். அந்த வருடமே திருவண்ணாமலையிலிருந்து இங்கே வந்துவிட்டேன். கணவர் ரகுவுக்குக் கணக்கர் வேலை. எனக்குத் தபால்களை ஊர் வாரியாகப் பிரிக்கும் இடத்தில் வேலை. ஏழு வருடம் பிள்ளை இல்லை. அம்மா சும்மா இருப்பாளா? அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்டாள்.

இதற்கென்றே எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டுதல் பலித்துப் பிள்ளை பிறந்தால், தீபத் திருவிழா சமயத்தில் கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் மஞ்சள் புடவையைத் தூளியாகத் தொங்கவிட்டு, பிள்ளையை உள்ளே கிடத்தி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தோளில் சுமந்துகொண்டு கோயிலின் மாட வீதிகளைச் சுற்றி வர வேண்டும். 1996இல் கவின் பிறந்த சேதியைச் சொல்ல போன் செய்தால், அம்மா எடுத்த எடுப்பில் சொன்னது, "கரும்புத் தொட்டில் எடுக்கணும். மறந்துடாத." முதல் வருடம் குடியுரிமைத் தாள்கள் வரவில்லை. அடுத்த வருடம் லீவு கிடைக்கவில்லை. அதற்கடுத்த வருடம் கவினை எங்கும் கூட்டிப்போக முடியாது என்பது எங்களுக்கே தெரிந்துவிட்டது.

அவனுக்கு மூன்று வயதானபோது டாக்டர் சொன்னார். நல்ல மனுஷி, என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். ஆட்டிசம். நான் அந்தச் சொல்லை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிவந்து, பஸ்ஸில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அம்மாவுக்கு இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்றுதான் முதலில் யோசித்தேன். பிற்பாடு தமிழில் இதற்கு மதியிறுக்கம் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டால் அம்மா இன்னும் கொஞ்சம் பயந்திருப்பாள்.

பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் இன்னொன்று சொன்னார்: வீட்டில் இரண்டு மொழி வேண்டாம், குழந்தை குழம்பும், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். இப்போது அப்படி இல்லை என்கிறார்கள். நான் கேட்டு நடந்தேன். என் பிள்ளையை என் மொழியில் கொஞ்சக்கூட முடியாமல், கடையில் பேசுகிற ஆங்கிலத்தில் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்க வைத்தேன். அவன் எதற்கும் பதில் சொல்லவில்லை. பேசாத பிள்ளை எந்த மொழியில் பேசாமல் இருக்க வேண்டும் என்பதைக்கூட இன்னொருவர்தான் முடிவு செய்கிறார் என்று ரகுவிடம் சண்டை போட்டேன். அவர் பாவம், என்ன செய்வார்?

வருடத்துக்கு ஒரு முறை அரசாங்கத்திலிருந்து ஒரு அம்மா வருவார். கவினுக்கு என்னென்ன முடியாது என்று நான் சொல்ல வேண்டும். கழிவறைக்குத் தானாகப் போக மாட்டான், சட்டை பட்டன் போடத் தெரியாது, ரோட்டில் ஓடிவிடுவான். அதை வைத்துத்தான் உதவிக்கு ஆள் அனுப்பும் நேரத்தைத் தீர்மானிப்பார்கள். வாய் தவறி, "இந்த வருடம் தானாகவே சாப்பிட ஆரம்பித்துவிட்டான்" என்று பூரிப்போடு சொன்னால் நேரத்தைக் குறைத்துவிடுவார்கள். ஒரு முறை அப்படிச் சொல்லி மாட்டிக்கொண்டேன். ஆகவே அந்த அம்மாவிடம் கெட்டதை மட்டும் சொல்லப் பழகினேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு போன் செய்தால் நேர் எதிர். "பையன் எப்படி இருக்கான்?" என்பாள் அம்மா. "சூப்பரா இருக்கான்மா." ஊரில் அவளோடு இருக்கும் என் தம்பியைப் பற்றி நான் கேட்பேன், "தம்பி எப்படி இருக்கான்?" "அவனுக்கு இன்னா, கடையில கூட்டம், மூச்சு வுட நேரமில்ல." இரண்டு பக்கமும் இப்படியே ஓடியது. தூரத்தில் இருப்பவளை ஏன் கலங்க வைக்க வேண்டும் என்று அவர்கள். வயதான காலத்தில் அம்மாவை ஏன் கலங்க வைக்க வேண்டும் என்று நான்.

3

2002இல் தீபத் திருவிழாவுக்கு நானும் கவினும் மட்டும் போனோம். ரகுவுக்கு விடுப்பு இல்லை. அம்மா வீடு கோயிலின் மேற்குக் கோபுரமான பே கோபுரத்துக்குப் பக்கத்தில். கவினுக்கு அந்த இடம் பிடித்துப்போனது. கோயில் மதில் எவ்வளவு நீளம்! அவன் ஆக்லாந்தில் வேலிகளில் கை வைத்து நடப்பான், வேலி முடிந்தால் அழுவான். இங்கே முடிவே இல்லாத மதில். காலையில் கூட்டம் சேருவதற்கு முன் கூட்டிப்போனால் கையைக் கல்லில் வைத்தபடி அமைதியாக நடந்துகொண்டே இருப்பான். பூ விற்பவர்கள் ஓரமாகக் கூடையை நகர்த்தி வழிவிட்டார்கள்.

அம்மாவுக்கு அது போதவில்லை. "இன்னாடி, பாட்டின்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்குறான்?"

"லேட்டாப் பேசுவான்மா."

"ஆறு வயசு ஆவுது. தொட்டில் எடுக்காம வுட்டுட்ட இல்ல, அதான் நாக்கைக் கட்டியிருக்குது. தேர் அன்னிக்கு எடுத்துட்டா சரியாயிடும் பாரு."

"இந்த உயரத்துக்கு அவனைத் தொட்டில்ல போட்டா கால் வெளிய நீட்டிக்கினு இருக்கும்மா."

"நீட்டிக்கினா நீட்டிக்கினு போவட்டும். சாமிக்குத் தெரியாதா?"

தொட்டிலை முன்னால் தூக்கப்போவது தாய்மாமன், அதாவது என் தம்பி சம்பத். அவனுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை. சின்னக்கடைத் தெருவில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை. போனில் அம்மா சொன்ன கூட்டமெல்லாம் அங்கே இல்லை. இளைத்திருந்தான், ஆனால் கண்ணில் தெளிவு இருந்தது. ஒருநாள் மதியம் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். சாப்பிட்டதும் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டான். "எதுக்குடா?" என்றேன். சட்டென்று அட்டையை உள்ளே தள்ளினான். பிறகு என்ன நினைத்தானோ, எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"அக்கா, எனக்கு மஞ்சக்காமாலைன்னு ஊருல சொல்லி வெச்சிருக்காங்க. உன்கிட்ட அதுகூடச் சொல்லல. ஆறு வருஷம் ஆவுது. ஒருநாள் காலையில கடைக்கு வந்தேன். ஷட்டரைத் தூக்கணும். கை இருக்குது, சாவி இருக்குது, ஷட்டர் இருக்குது. தூக்க முடியல. அப்படியே வீட்டுக்குப் போய்ப் படுத்தவன்தான், ஒரு வருஷம் எழுந்துக்கல. குளிக்கல. செத்துட்டா நல்லா இருக்கும்னு மட்டும் தோணிக்கினே இருந்துச்சு."

அவன் சாப்பிட்ட பாத்திரத்தை மூடி ஓரமாக வைத்தேன்.

"அம்மா மந்திரிக்கக் கூட்டிக்கினு போச்சு, கயிறு கட்டுச்சு. கூட ரிப்பேர் வேலை செஞ்சானே ஒருத்தன், அவன்தான் வேலூர்ல ஒரு டாக்டர்கிட்ட இட்டுனு போனான். இது டிப்ரஷன், ஒடம்பு நோய் மாதிரி இதுவும் நோய்தான்னு அந்த டாக்டர் சொன்னதும் அங்கயே அழுதுட்டேன். இப்போ ஜாஸ்தி இல்ல, ஒரு மாத்திரைதான். ஷட்டர் தூக்கறேன்."

அன்று நானும் கவினைப் பற்றி முதல் முதலாக எங்கள் வீட்டு மனிதர் ஒருவரிடம் சொன்னேன். அந்தச் சொல்லையும் சொன்னேன். சம்பத், "சத்தம்னா காதைப் பொத்திக்கிறானே, அது இதனாலதானா?" என்று கேட்டான். "பாவம்" என்று சொல்லவில்லை. "சரியாயிடுமா?" என்றும் கேட்கவில்லை. அதற்காகவே அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

இன்னொரு விஷயமும் அன்றுதான் தெரிந்தது. கீழ்பென்னாத்தூரில் அவனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். ஜாதகம் பொருந்தி, பேச்சு முடிகிற கட்டம். தேர் பார்க்க அவர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள், அன்றே தாம்பூலம் மாற்றிவிடலாம் என்று அம்மா ஏற்பாடு. மாத்திரை விஷயத்தைச் சொல்லக் கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

"கல்யாணம் ஆனா எனக்குச் சரியாயிடும்னு சொல்லுது. அந்தப் பொண்ணு ஒளிச்சு வெச்ச மாத்திரையைப் பாத்துட்டு அழுமே, அதுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்றான்.

அம்மாவை என்ன சொல்ல? மகன் கல்யாணத்தில் சரியாவான், பேரன் தொட்டிலில் சரியாவான். அந்த இரண்டையும் நம்பித்தான் அவள் நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள். அப்பா போனபிறகு அவளுக்குத் தோள் கொடுக்க வேறு யாரும் இல்லை. வாயைத் திறந்தால் அவள் உடைந்துபோவாள், திறக்காவிட்டால் தம்பி உடைந்துபோவான். தேர் முடியட்டும் என்று தள்ளிப்போட்டோம்.

4

தேரன்று காலை மாட வீதியில் கால் வைக்க இடமில்லை. எங்களைப் போலவே எத்தனையோ தொட்டில்கள். உள்ளே கைக்குழந்தைகள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தன. கவினைத் தொட்டிலில் கிடத்தப் பார்த்தோம். விறைத்துக்கொண்டான். இறங்கி நேராக மதிலோரம் போய்க் கையை வைத்துக்கொண்டான். நான் அவன் பக்கத்தில், சம்பத்தும், மறுமுனையைத் தூக்க ஆளில்லாததால் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த பெண்ணின் மாமாவும் தோளில் தொட்டிலோடு, பின்னால் அம்மாவும் பெண்ணின் அம்மாவும். பெண் வரவில்லை. வழக்கமில்லையாம்.

"காலித் தொட்டிலைத் தூக்கிக்கினு போவக் கூடாது" என்று அம்மா பதறினாள். உண்மைதான், எங்கள் பக்கத்தில் அதைவிடக் கெட்ட சகுனம் கிடையாது. "கொஞ்ச தூரமாவது படுக்க வெச்சுடு, கண்ணு. கொஞ்ச தூரம்."

சாமி நெருங்கி வரவர மேளமும் சங்கும் ஒரே இரைச்சல். எங்கோ வேட்டு வெடித்தது. கவின் மதிலிலிருந்து கையை எடுத்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தினான். அவன் கத்தலை நீங்கள் கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன், பயந்துவிடுவீர்கள். அப்படியே நடு வீதியில் விழுந்தான். தலையைத் தரையில் மோதினான். என் கையைக் கொடுத்துத் தாங்கினேன், கடித்தான்.

வட்டமாகக் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் நெற்றியில் விபூதி பூச வந்தார். "வேப்பல கொண்டாங்க, நாலு அடி போட்டா எறங்கிடும்" என்றது ஒரு குரல். பெண்ணின் மாமா கரும்பைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, "பையனுக்கு இன்னாங்க?" என்றார் அம்மாவிடம்.

"ஒண்ணுமில்லீங்க. ஃபாரின் பையன், வெயில் ஒத்துக்கல. ப்ளேன்ல வந்த அசதி" என்றாள் அம்மா. சிரிக்க முயன்றாள். அந்த முகத்தை என்னால் இப்போதும் நினைக்க முடியவில்லை.

சம்பத் ஒன்றும் சொல்லாமல் கரும்புகளைத் தரையில் போட்டான். முடிச்சை அவிழ்த்து மஞ்சள் புடவையை உருவினான். கவினுக்குப் பக்கத்தில் நடு வீதியில் உட்கார்ந்து, அவனைத் தொடாமல், இருவர் தலைக்கும் சேர்த்துப் புடவையைப் போர்த்திக்கொண்டான். உள்ளே என்ன செய்தான் என்று பிறகு கேட்டேன். ஒன்றும் செய்யவில்லையாம். "நான் படுத்துக் கெடந்தப்போ போர்வைக்குள்ளதான்க்கா இருந்தேன். யாரும் பேசாம இருந்தா நல்லா இருக்கும்னு தோணும்" என்றான். மேளம் நகர்ந்து போனது. கத்தல் அடங்கி விம்மலானது.

சம்பத் புடவையைக் கவின்மேல் விட்டுவிட்டு எழுந்தான். பெண்ணின் மாமாவுக்கும் பெண்ணின் அம்மாவுக்கும் நேராக நின்றான்.

"அம்மா, விடு. நான் சொல்றேன். இவனுக்கு ஆட்டிசம்னு பேருங்க. பொறந்ததுலேர்ந்தே இருக்குது. பேயும் இல்ல, தோஷமும் இல்ல. சத்தம் தாங்காது, பேச்சு வரல. அவ்ளோதான். எனக்கு மஞ்சக்காமாலைன்னு சொன்னாங்களே, அது மஞ்சக்காமாலை இல்லீங்க. மனசுக்குத்தான் ஒடம்பு சரியில்லாம இருந்துச்சு. வேலூர்ல வைத்தியம் பாத்துக்கினு இருக்கேன். டெய்லி மாத்திரை போடறேன். இப்போ நல்லா இருக்கேன். ஆனா உங்க பொண்ணுக்குத் தெரியணும் இல்லீங்களா? போய்ச் சொல்லிடுங்க."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பெண்ணின் அம்மா மட்டும் நகரவில்லை. புடவைக்கடியில் அசைந்துகொண்டிருந்த பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமா இரண்டு தடவை கூப்பிட்டபிறகுதான் போனார்.

5

அம்மா நாங்கள் கிளம்பும்வரை எங்கள் மூவரிடமும் பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேண்டுதல் பாதி வீதியில் நின்றுவிட்டது. கல்யாணமும் போயிற்று. கீழ்பென்னாத்தூரிலிருந்து தகவல் மூன்றாம் நாளே வந்தது: ஜாதகத்தை இன்னொரு ஜோசியரிடம் காட்டினார்களாம், பொருத்தம் கம்மியாம். சம்பத் அதைச் சொல்லிச் சிரித்தான். சிரித்துவிட்டுக் கடைக்குப் போய் அன்று சீக்கிரமே ஷட்டரை இறக்கிவிட்டான். மறுநாள் காலை அவன் திறக்கும்வரை எதிர்ச் சாரியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்தான்.

ஆக்லாந்து திரும்பியதும் முதல் வேலையாகக் கவினிடம் தமிழில் பேச ஆரம்பித்தேன். குழம்பினால் குழம்பட்டும் என்று விட்டேன். அவன் குழம்பவில்லை. "வாடா தங்கம்" என்றால் வந்தான். பேச்சு அவனுக்கு இன்றுவரை வரவில்லை. வேண்டியதைப் படத்தைக் காட்டிக் கேட்பான். ஊருக்கு போன் செய்தால் சம்பத் எடுத்தான். அம்மா பக்கத்தில் இருந்தும் வாங்க மாட்டாள். மனசு விட்டுப்போயிருந்தது அவளுக்கு. எங்கள் இரண்டு பேரையும் அவள் மன்னிக்காமலே போய்விடுவாளோ என்று நான் பயந்தேன். நடு வீதியில் சொன்னதால் யாருக்கு என்ன நன்மை என்று நானே தம்பியிடம் கேட்டிருக்கிறேன்.

அடுத்த சித்திரையில் ஒருநாள் அம்மாவே கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிட்டு நான் கண்டதில்லை. யாருக்கு என்ன ஆயிற்று என்றுதான் முதலில் கேட்டேன்.

"கீழ்பென்னாத்தூர் அந்தம்மா வந்துச்சுடி" என்றாள்.

"எந்தம்மா? பொண்ணோட அம்மாவா? மறுபடியும் பேச வந்தாங்களா?"

"சம்பந்தம் பேச வரல. அந்தப் பொண்ணைத்தான் போளூர்ல குடுத்துட்டாங்களே. தனியா வந்துச்சு, வீட்டுல கோயிலுக்குன்னு சொல்லிட்டு. உள்ள வந்து ஒக்காந்து தண்ணி வாங்கிக் குடிச்சுச்சு. அப்புறம் கேக்குது, தம்பியைப் பாக்குற டாக்டர் பேரு இன்னாங்கன்னு."

"அவங்களுக்கா?"

"அதுக்குப் புள்ள ஒண்ணு இருக்குதாம்டி. அந்தப் பொண்ணுக்கு அண்ணன். இருபத்தஞ்சு வயசு. காலேஜ் போனவன் நடுவுல வந்துட்டானாம். தானா பேசிக்கிறானாம், யாரோ கூப்புடறாங்கன்னு சொல்றானாம். மாடி ரூம்ல வெச்சிக்கினு, துபாய்ல வேலைன்னு ஊருக்குச் சொல்லிக்கினு இருக்காங்க. நம்மகிட்டயும் அப்படித்தானே சொன்னாங்க? தங்கச்சி கல்யாணம் முடியட்டும்னு நாலு வருஷமா டாக்டர்கிட்டயே காட்டலியாம்."

நாங்கள் மாத்திரையை ஒளித்துக்கொண்டு பெண் கேட்டிருக்கிறோம். அவர்கள் பிள்ளையையே ஒளித்துக்கொண்டு பெண் கொடுக்க வந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்தப் புடவைக்கு முன்னால் அவர் ஏன் நகராமல் நின்றார் என்பது அப்போதுதான் புரிந்தது.

"சம்பத்து வேன் பேசிட்டான். நாளைக்கு வேலூருக்கு இட்டுனு போறான். அந்தப் புள்ளை வேன்ல ஏறாதாம், பயப்படுமாம். நான் பக்கத்துல ஒக்காந்துக்கிறேன்னு சொல்லியிருக்கேன்."

"நீயாம்மா?"

"ஏன், நான் போவக் கூடாதா?" என்று சீறினாள். பிறகு கொஞ்சம் குரல் இறங்கியது. "அந்தம்மா என் கையைப் புடிச்சிக்கினு ஒரே அழுகை. 'வெளிய தெரிஞ்சா மானம் போயிடுமேங்க'ன்னு. நான்தான் சொன்னேன், அழாதீங்க, எங்க வீட்ல ரெண்டு பேரு இருக்காங்க, நான் மானத்தோடதானே இருக்கேன்னு."